பொரிந்த களிமண்

செங்கல் சூளைக்காரர் யாருக்கும் பிடிக்காத செங்கல் ஒன்று உண்டு. நன்றாக வெந்திருக்கும், ஆனால் வயிறு உப்பி, முனை வளைந்து, பக்கத்துக் கல்லோடு வரிசையில் உட்காராது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கன்சாஸ் சிட்டியில் செங்கல் தொழில் செய்துவந்த ஸ்டீபன் ஹேடுக்கும் இதே தலைவலி. சூளையின் வெப்பம் மளமளவென்று ஏறிவிட்டால் சில கற்கள் இப்படி வீங்கி வீணாயின. விற்க முடியாத அந்தக் கல் அளவில் பெரிதாகவும் எடையில் குறைவாகவும் இருந்ததோடு, உறுதியிலும் சோடைபோகவில்லை. ஹேட் அதைப் பிடித்துக்கொண்டார். களிப்பாறையை வேண்டுமென்றே வீங்கவைத்து, கான்கிரீட்டில் கருங்கல் ஜல்லி போட வேண்டிய இடத்தில் அதைப் போடும் முறைக்கு 1918இல் காப்புரிமை பெற்றார். பொருளுக்கு ஹேடைட் என்று பெயர் விழுந்தது.

அது முதல் உலகப் போர்க்காலம். எஃகுக்குத் தட்டுப்பாடு. கான்கிரீட்டிலேயே கப்பல் கட்டலாம் என்று அமெரிக்க அரசு இறங்கியபோது, எடை குறைந்த இந்த ஜல்லி கைகொடுத்தது. அப்படிக் கட்டப்பட்ட எண்ணெய்க் கப்பல் செல்மா, அலபாமாவின் மொபைல் நகரில் 1919 ஜூன் 28 அன்று நீரில் இறங்கியது. வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதே நாளில்தான். போருக்காகக் கட்டிய கப்பல் போர் முடிந்த பிறகு வந்து சேர்ந்தது. மறு ஆண்டே மெக்சிகோவின் டாம்பிகோ துறைமுகத்தில் மோதி உடைபட்டது. 1922இல் டெக்சாஸின் கால்வெஸ்டன் அருகே அதைக் கைவிட்டார்கள். பாதி முழுகிய உடல் இன்றும் அங்கே கிடக்கிறது.

அடுத்த படி 1930களின் கடைசியில் டென்மார்க்கில் நடந்தது. களிமண்ணைச் சிறு துண்டுகளாக்கிச் சுழலும் சூளைக்குள் விட்டு, உருண்டைகளாகவே வேகவைத்து எடுத்தார்கள். லெக்கா என்ற பெயரில் அது ஐரோப்பியக் கட்டடங்களின் கூரைக்கும் சுவருக்கும் தரைக்கும் போனது. வெப்பத்தைத் தடுக்கவும் எடையைக் குறைக்கவும் உதவியது. பூந்தொட்டிக்கு வந்தது பிற்பாடு. இன்று நம்மூர் நர்சரிகளிலும் இணையக் கடைகளிலும் லெக்கா பால்ஸ், க்ளே பால்ஸ் என்று பொட்டலம் கட்டி விற்கிறார்கள்.

கட்டடக்காரர்களுக்குப் பிடித்துப்போன அதே குணந்தான் செடி வளர்ப்போரையும் இழுத்தது: உருண்டைக்கு உள்ளேயும் உருண்டைகளுக்கு இடையிலேயும் இருக்கும் காற்று. ஆர்க்கிட் வளர்ப்பவர் லெக்கா வாங்கும்போது காசு கொடுப்பது பெரும்பாலும் அந்தக் காற்றுக்குத்தான். எந்த உருண்டை, என்ன அளவு, எந்தச் செடிக்கு, எந்தத் தண்ணீரோடு என்று எழும் கேள்விகள் எல்லாமே, வேருக்குக் காற்றையும் ஈரத்தையும் எந்த விகிதத்தில் கொடுப்பது என்ற ஒரே கணக்கில் வந்து சேர்கின்றன.

சூளைக்குள் நடப்பது

லெக்கா சூளை என்பது சற்றே சாய்த்து வைத்த, மெதுவாகச் சுழலும் நீண்ட இரும்பு உருளை. உட்புறம் தீச்செங்கல் பதித்திருக்கும். மேல்முனையில் களிமண் நுழையும். கீழ்முனையில் தீ எரியும். உருண்டபடியே இறங்கும் மண், சுமார் 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைச் சந்திக்கிறது.

அந்த வெப்பத்தில் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். களிமண் இளகி, கண்ணாடிக் குழம்பைப் போன்ற பிசுபிசுப்பான நிலைக்கு வர வேண்டும். அதே நேரத்தில் உள்ளே வாயு உண்டாக வேண்டும். மண்ணிலுள்ள கரிமப் பொருள்கள் எரிவதாலும், இரும்பு ஆக்சைடு தன் ஆக்சிஜனில் ஒரு பங்கை இழப்பதாலும் அந்த வாயு பிறக்கிறது. வெளியேற வழியில்லாமல் இளகிய மண்ணைத் தள்ளி உப்பவைக்கிறது. சுடுமணலில் போட்ட நெல், உமிக்குள் அடைபட்ட நீராவியால் பொரிவதும் இந்த நேரப் பொருத்தத்தால்தான். வாயு முந்திக்கொண்டால் தப்பிப் போய்விடும். மண் முந்தி இளகினால் உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். எல்லாக் களிமண்ணும் பொரியாது. பீங்கான் செய்யப் பயன்படும் வெண்களி மிக அதிக வெப்பத்தைத் தாங்கும். இந்தச் சூட்டில் இளகிக் கொடுக்காது. இரும்பும் காரப் பொருள்களும் கலந்த சாதாரணக் களிமண்ணே இதற்குத் தோது.

ஓர் உருண்டையைக் குறடால் நசுக்கி உடைத்தால் இந்தக் கதை முழுவதும் அதன் குறுக்குவெட்டில் தெரியும். வெளியே செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய ஓடு. உள்ளே கருஞ்சாம்பல் நிறம். கடுகளவு துளையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துளை வரை நெருக்கமாகக் குமிழிகள். ஓடு சூளையின் காற்றோடு சேர்ந்து வெந்ததால் அதிலுள்ள இரும்பு துரு நிறத்துக்கு வந்திருக்கிறது. உள்ளே ஆக்சிஜன் எட்டவில்லை. இரும்பும் கறுத்தே நின்றுவிட்டது.

அந்தக் குமிழிகளில் பெரும்பாலானவை மூடிய அறைகள். தண்ணீர் அவற்றுக்குள் நுழைய முடியாது. ஓட்டிலுள்ள நுண்துளைகளும் விரிசல்களும் மட்டுமே நீரை உறிஞ்சுகின்றன. அதனால்தான் ஒரு நாள் முழுக்க ஊறவைத்த பிறகும் பல உருண்டைகள் மிதந்துகொண்டே இருக்கும். லெக்கா ‘ஸ்பாஞ்சு மாதிரி தண்ணீரை வைத்திருக்கும்’ என்று விளம்பரங்கள் சொல்வதில் பாதிதான் சரி. சூளையையும் மண்ணையும் பொறுத்து, ஒரு நாளில் அது குடிப்பது தன் எடையில் சுமார் 10 முதல் 30 விழுக்காடுதான். அந்த எடையே சொற்பம். தென்னை நார்க்கழிவோடும் ஸ்பாக்னம் பாசியோடும் ஒப்பிட்டால் இது மிகக் குறைவு.

வேரின் மூச்சு

குறைவாகக் குடிப்பது ஏன் நல்லதாகிறது என்று புரிய வேரிடம் போக வேண்டும். வேரும் மூச்சுவிடுகிறது. இலை தன் ஆக்சிஜனைத் தானே தயாரிக்கும். மண்ணுக்குள் இருட்டில் இருக்கும் வேருக்கு அது வெளியிலிருந்து வந்தாக வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரையக்கூடிய ஆக்சிஜன் சுமார் 8 மில்லிகிராம். அதே ஒரு லிட்டர் காற்றில் 270 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அதோடு, ஆக்சிஜன் நீருக்குள் பரவும் வேகம் காற்றில் பரவுவதைப்போல ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். தொட்டி மண்ணின் இடுக்குகளை எல்லாம் தண்ணீர் அடைத்துக்கொண்டால் வேர் திணறுகிறது. செத்த திசுவில் பூஞ்சை ஏறுகிறது. ‘தண்ணி அதிகமாகி அழுகிப்போச்சு’ என்று வீடுகளில் சொல்லப்படும் சாவுகளில் பெரும்பாலானவை மூச்சுத் திணறலில் தொடங்கியவை.

ஆர்க்கிட்டுகளில் பெரும்பான்மை இன்னும் ஒரு படி மேலே போனவை. மரத்தின் மீது, மண்ணே இல்லாமல் வாழ்பவை. கடைகளில் அதிகம் விற்கும் ஃபலனாப்சிஸ், தென்கிழக்கு ஆசியக் காடுகளில் மரக்கிளையைத் தழுவியபடி வேரைக் காற்றில் விட்டு வளரும். அந்த வேரைச் சுற்றி வெலாமென் என்ற வெள்ளை உறை இருக்கிறது. பல அடுக்குச் செல்களால் ஆன அது முதிர்ந்ததும் செத்துவிடும். உள்ளே காற்று மட்டும் நிறைந்திருக்கும். உலர்ந்த வேர் வெள்ளி நிறமாகத் தெரிவது அந்தக் காற்றால். ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றினால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேர் பச்சையாக மாறும். காற்று விலகி நீர் புகுந்ததும் உறை ஒளி ஊடுருவக்கூடியதாகி, உள்ளிருக்கும் பச்சையம் கண்ணுக்குத் தெரிகிறது.

ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெர்ஹார்ட் சோட்ஸ், ஊவெ விங்க்லர் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் இந்த உறையின் வேகத்தை அளந்தார்கள். அது நிரம்பச் சில நொடிகள் போதும். நீரை இழக்கப் பல மணி நேரம் ஆகிறது. மின்னூட்டம் கொண்ட சத்துக்களை அது பிடித்தும் வைத்துக்கொள்கிறது. மழை தொடங்கியதும் கிளை வழியாக வழியும் முதல் நீரில்தான் இலைத் தூசியும் பறவை எச்சமும் கரைந்து சத்து அதிகம் இருக்கும். அதைத் தவறவிடாமல் பிடிக்க இந்த ஏற்பாடு உதவுகிறது. நொடிகளில் நனைந்து, மணிக்கணக்கில் காற்றில் உலரும் வேரைச் சேறு போன்ற ஊடகத்தில் புதைத்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வெப்பமண்டலத்திலிருந்து கப்பல் கப்பலாக அள்ளிச்சென்ற ஆர்க்கிட்டுகளில் ஏராளமானவை இப்படித்தான் செத்தன. பிறகு ஆஸ்மண்டா என்ற பெரணியின் வேர்நாரைக் கண்டுபிடித்து நெடுங்காலம் அதையே பயன்படுத்தினார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அந்த இடத்தை ஊசியிலை மரங்களின் பட்டைத் துண்டுகள் பிடித்தன. சிங்கப்பூர், இலங்கை, கேரளம், தமிழ்நாடு என்று ஆர்க்கிட்டுக்கு இயல்பான ஈரக்காற்று வீசும் ஊர்களில் வளர்ப்போர் வேறு வழி கண்டார்கள்: அடுப்புக்கரியும் செங்கல் துண்டும் ஓட்டுச் சில்லும். சட்டியில் இவற்றை நிரப்பி டெண்ட்ரோபியம் ஆர்க்கிட்டைக் கட்டிவைத்தால் ஊற்றிய நீர் உடனே வடியும். மிச்ச ஈரத்தைக் காற்று கொடுக்கும். லெக்கா இந்த ஓட்டுச் சில்லுக்கு நெருங்கிய உறவு. மரப்பட்டையும் தேங்காய் மட்டையும் இரண்டு மூன்று ஆண்டுகளில் மக்கித் தூளாகி, காற்றுக்கான இடுக்குகளைத் தாமே அடைத்துவிடும். சுட்ட மண் மக்காது.

இடுக்கின் கணக்கு

கடையில் லெக்கா பெரும்பாலும் இரண்டு அளவுகளில் கிடைக்கிறது: 4 முதல் 8 மில்லிமீட்டர், 8 முதல் 16 மில்லிமீட்டர். பெரிய உருண்டை போட்டால் காற்று அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரே அளவான உருண்டைகளை ஒரு பாத்திரத்தில் கொட்டினால், அவை மிளகானாலும் எலுமிச்சையானாலும், இடையில் மிஞ்சும் வெற்றிடம் ஏறத்தாழ ஒன்றுதான்; மொத்தத்தில் 40 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அளவு மாறும்போது மொத்த வெற்றிடம் அப்படியே இருக்க, ஒவ்வோர் இடுக்கின் அகலம் மட்டும் மாறுகிறது.

அந்த வெற்றிடம் காற்றுக்கா தண்ணீருக்கா என்பதை அகலம் முடிவுசெய்கிறது. குறுகிய குழாயில் நீர் தானே மேலேறும். 2 மில்லிமீட்டர் அகலமுள்ள குழாயில் அது ஒன்றரை சென்டிமீட்டர்தான் ஏறும், 0.2 மில்லிமீட்டர் குழாயில் 15 சென்டிமீட்டர் வரை போகும். தோட்ட மண்ணின் இடுக்குகள் இதைவிடவும் நுண்மையானவை என்பதால் சிறு தொட்டியில் ஊற்றிய நீர் வடியாமல் தங்கிவிடுகிறது. பெரிய லெக்கா உருண்டைகளுக்கு இடையே பல மில்லிமீட்டர் அகலம். நீர் அங்கே நிற்க முடியாது. உருண்டைகளின் ஓட்டிலும், அவை தொட்டுக்கொள்ளும் இடங்களிலும் மட்டும் ஈரம் ஒட்டிக்கொண்டு மெல்ல மேலேறும். சின்ன உருண்டைகளில் தொடும் புள்ளிகள் அதிகம். நீர் கூடுதலாகத் தங்கும், கூடுதல் உயரம் ஏறும்.

இதிலிருந்து சில முடிவுகள் தானாக வருகின்றன. கேட்லியா, ஃபலனாப்சிஸ் போன்ற ஆர்க்கிட்டுகளின் தடித்த வேருக்கு 8 முதல் 16 மில்லிமீட்டர். மெல்லிய வேருள்ள மணி பிளான்ட், சிங்கோனியம் போன்ற வீட்டுச் செடிகளுக்கும், ஈரம் விரும்பித் தரையில் வளரும் பாஃபியோபெடிலம் ஆர்க்கிட்டுக்கும் 4 முதல் 8. மின்விசிறியும் ஏசியும் ஓடும் வறண்ட அறையில் ஓர் அளவு கீழே இறங்கலாம்; மழைக்கால மொட்டைமாடியில் ஓர் அளவு மேலே ஏறலாம்.

இரண்டு அளவுகளையும் கலப்பதுதான் கூடாது. சின்னவை பெரியவற்றின் இடுக்குகளில் போய் உட்கார்ந்துகொள்ள, மொத்த வெற்றிடமே குறைந்துவிடும். பொட்டலத்தின் அடியில் தங்கும் உடைந்த தூளும் இதையே செய்யும். சல்லடையில் ஒருமுறை சலித்துவிட்டு நிரப்பினால் வாங்கிய காற்று வீணாகாது.

தொட்டியின் உயரமும் இந்தக் கணக்கில் சேரும். அடியில் தேங்கிய நீர் லெக்கா வழியாக ஏறும் உயரத்துக்கு எல்லை உண்டு. நெட்டையான ஜாடியில் மேல்பகுதி காய்ந்தே கிடக்கும். குட்டையான, அகன்ற தொட்டியில் செடி சீக்கிரம் நிலைகொள்ளும்.

தண்ணீரில் நின்ற செடிகள்

மண்ணே இல்லாமல் செடி வளரும் என்பதை 1860களில் ஜெர்மனியின் யூலியஸ் ஃபான் சாக்ஸும் வில்ஹெல்ம் க்னோப்பும் நிறுவியிருந்தார்கள். உப்புகளைக் கரைத்த நீரில் செடியின் வேரை நேராக இறக்கி, எந்த உப்பு இல்லாவிட்டால் செடி நோகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். லெக்கா வந்த பிறகு இந்த ஆய்வுக்கூட முறை ஜெர்மனி, சுவிட்சர்லாந்து அலுவலகங்களுக்கும் வங்கி வரவேற்பறைகளுக்கும் பரவியது. அந்தத் தொட்டிகளின் ஓரத்தில் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாய் நிற்கும், உள்ளே மிதவை. குறைந்த மட்டம், சரியான மட்டம், உச்ச மட்டம் என மூன்று கோடுகள். மிதவை கீழ்க்கோட்டுக்கு வந்ததும் உடனே ஊற்றாமல், சில நாள் அப்படியே விட்டுப் பிறகு ஊற்றச் சொல்வார்கள். அந்த இடைவெளியில் கீழ்வேர்கள் காற்று குடித்துக்கொள்ளும்.

ஆர்க்கிட் உலகில் இன்னும் எளிய வடிவம் பரவியது. அமெரிக்க ஆர்க்கிட் வளர்ப்பாளர் ரே பார்க்கலோ ‘செமி ஹைட்ரோ’ என்று பிரபலமாக்கிய முறை இது. சாதாரணப் பிளாஸ்டிக் டப்பாவில் அடியிலிருந்து சுமார் இரண்டரை சென்டிமீட்டர் உயரத்தில் பக்கவாட்டில் துளை போட்டால் போதும். துளைக்குக் கீழே நீர் தேங்கும், மிச்சம் வழிந்துவிடும். உருண்டைகள் அந்த நீரை மேலே ஏற்றிக்கொண்டிருக்க, வேர் நீருக்கு மேலே ஈரமான காற்றில் இருக்கும். மேல்மட்டத்தில் நீர் ஆவியாகும்போது தொட்டி குளிர்ச்சியாகிறது. சென்னைக் கோடையில் இது வரம். குளிர்நாட்டு ஜன்னலோரத்தில் இதே குளிர்ச்சி வேரை முடக்கிவிடும்.

வெப்பமண்டல ஊர்களில் கொசுவையும் கணக்கில் எடுக்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் சிறிதளவு நீரிலேயே முட்டையிடும். சிங்கப்பூரில் தேசியச் சுற்றுப்புற வாரியம் வீட்டுக்குள் தேடும் இடங்களில் பூந்தொட்டித் தட்டு முக்கியமானது. கொசு வளர விட்டால் அபராதம் உண்டு. உருண்டைகளுக்குள் மறைந்த நீரைவிட, உள்தொட்டிக்கும் அழகுக்காக வைத்த வெளித்தொட்டிக்கும் நடுவே திறந்து கிடக்கும் நீரே கொசுவுக்கு வசதி. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதற்குள் நீரைக் கொட்டி மாற்றிவிட்டால் பிரச்சினை இல்லை. மக்கும் பொருள் எதுவும் இல்லாததால், கோகோபீட் தொட்டிகளில் மொய்க்கும் சின்னக் கறுப்பு ஈக்களுக்கும் லெக்காவில் வேலை இல்லை.

கடையில் பார்க்க வேண்டியவை

படத்தில் எல்லா உருண்டையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். களிமண்ணைக் கையால் உருட்டிச் சாதாரணச் சூளையில் சுட்டதும் ‘க்ளே பால்ஸ்’தான், பொரிந்ததும் ‘க்ளே பால்ஸ்’தான். எடை வித்தியாசத்தைச் சொல்லிவிடும். பொரிந்த லெக்கா ஒரு லிட்டர் சுமார் 300 முதல் 400 கிராம் இருக்கும். பொரியாத சுட்ட உருண்டை ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். பொட்டலத்தில் கிலோக் கணக்கு மட்டும் போட்டிருந்தால், எத்தனை லிட்டர் என்று கேட்டு வகுத்துப் பார்க்கலாம். சுட்ட உருண்டை செடிக்குக் கெடுதல் இல்லை. ஓட்டுச் சில்லைப் போல வேலை செய்யும். லெக்கா விலை கொடுத்து அதை வாங்க வேண்டியதில்லை. சரியாகச் சுடாத உருண்டை வேறு விஷயம்: ஓரிரவு ஊறினால் கரைந்து சேறாகும்.

ஜெர்மனியில் செராமிஸ் என்ற பெயரில் விற்கும் சுட்ட களிமண் குருணை இன்னொரு வகை. அது உருண்டையாக இருக்காது. துளைகள் திறந்தவை என்பதால் லெக்காவைவிட நிறைய நீரைக் குடிக்கும். அடிக்கடி தண்ணீர் விட மறப்பவருக்கு அது ஒத்துவரும். அடிக்கடி ஊற்றிக்கொண்டே இருப்பவரின் ஆர்க்கிட்டுக்கு ஆகாது.

அடுத்தது உப்பு. கட்டட வேலைக்கென்று செய்த லெக்கா மலிவு. ஆனால் அதன் களிமண்ணில் சுண்ணாம்போ கரையும் உப்போ இருந்தால் கட்டடக்காரர் கவலைப்பட மாட்டார். வேர் கவலைப்படும். சோதிப்பது எளிது. ஒரு குவளை உருண்டையைக் கழுவி, ஆர்.ஓ. தண்ணீரிலோ மழைநீரிலோ ஓரிரவு ஊறவிட்டு, நீர் சுத்திகரிப்புக்காரர்கள் கையில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரை அதில் விட்டுப் பார்க்கலாம். எண் சில பத்துகள் கூடினால் பாதகமில்லை. நூற்றுக்கணக்கில் எகிறினால் நீரை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். அப்போதும் இறங்காவிட்டால் அந்தப் பொட்டலம் வடிகால் அடுக்குக்குத்தான் லாயக்கு. பி.எச். காகிதம் நனைத்துப் பார்த்து நீர் ரொம்பக் காரமாக இருந்தாலும் இதே வைத்தியம்.

எந்த லெக்காவையும் கழுவாமல் பயன்படுத்தக் கூடாது. வாளியில் கொட்டியதும் நீர் செம்மண் குட்டைபோல் கலங்கும். அந்த நீரைச் சமையலறைக் குழியில் ஊற்றினால் மண் படிந்து குழாய் அடைக்கும். தோட்டத்திலோ தெருவோர மரத்தடியிலோ ஊற்றுவது நல்லது. உலர்ந்த பொட்டலத்தைக் குலுக்கிக் கிளம்பும் தூசு நுரையீரலுக்கு ஆகாது என்பதால் முதலில் நனைத்துவிட்டுப் பிறகு கையாள வேண்டும்.

வெள்ளைப் படிவம்

லெக்காவுக்கு மாறிய சில மாதங்களில் பலர் கேட்கும் கேள்வி: மேல் உருண்டைகளில் வெள்ளையாகப் பூத்திருப்பது பூஞ்சையா? நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். பூஞ்சையானால் பஞ்சாக வரும். அது உப்பு. அடியிலிருந்து மேலேறிய நீர் ஆவியாகிப் போக, அதில் கரைந்திருந்த சுண்ணாம்பும் உரமும் அங்கேயே தங்கிவிட்டன.

இந்திய நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. ஒரு தொட்டி வாரத்துக்கு 200 மில்லிலிட்டர் நீரை ஆவியாக்குவதாக வைத்துக்கொண்டால், 500 அளவுள்ள நீர் வாரம் 100 மில்லிகிராம் உப்பை விட்டுச்செல்லும். ஆண்டுக்கு 5 கிராமுக்கு மேல். ஒரு தேக்கரண்டி உப்பு. 1,500 அளவுள்ள போர்வெல் தண்ணீரானால் மூன்று தேக்கரண்டி. செடி ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும், மிச்சம் சேரும். மண்ணில் களியும் மக்கும் இந்த உப்புகளைப் பிடித்து ஓரளவு அடி தாங்கும். லெக்காவுக்கு அந்தத் திறன் கிட்டத்தட்ட இல்லை. உப்பின் முழுச் சூடும் நேராக வேர்நுனியில் விழுகிறது. நுனி கருகுவதில் அது தெரியும்.

அதனால் வாரம் ஒருமுறை மேலிருந்து தாராளமாக நீர் ஊற்றி, பழைய நீர் முழுவதும் வெளியேறும்படி அலசிவிடுவது லெக்கா வளர்ப்பில் தவிர்க்க முடியாத வேலை. மழைநீர் கிடைக்கும் மாதங்களில் அதைப் பிடித்து வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

மக்குவதற்கு ஒன்றும் இல்லாத ஊடகத்தில் சத்தும் இல்லை. உரம் முழுக்க நீரோடுதான் போக வேண்டும். சாதாரணத் தோட்ட உரத்தின் நைட்ரஜனில் பெரும்பங்கு யூரியாவாக இருக்கும். அதைச் செடிக்கேற்ற வடிவுக்கு மாற்ற மண்ணின் பாக்டீரியாக்கள் நிறைய வேண்டும். லெக்காவில் அவை குறைவு. நைட்ரேட்டாகவே தரும் உரம் பொருந்தும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆர்க்கிட்டுக்காக உருவான கலவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உப்பு நீக்கிய நீருக்கான அதன் தழை, மணி, சாம்பல் சத்து விகிதம் 13-3-15. கூடவே 8 விழுக்காடு கால்சியம், 2 விழுக்காடு மெக்னீசியம். ஆர்.ஓ. தண்ணீரில் இவை இரண்டும் இருக்காது என்பதால் உரத்திலேயே சேர்த்தார்கள். கிணற்று நீருக்கான கலவை வேறு. கடின நீர் பயன்படுத்துபவருக்குக் கூடுதல் கால்சியம் தேவைப்படாது.

மாற்றும் நேரம்

ஆர்க்கிட் வேர் பிறந்த இடத்துக்கு ஏற்பத் தன் திசுவை அமைத்துக்கொள்கிறது. மரப்பட்டையின் வறட்சியில் முளைத்த வேரை நீர் தேங்கும் தொட்டியில் வைத்தால் அது புதிதாக மாறிக்கொள்ளாது, பெரும்பாலும் அழுகும். லெக்காவிலேயே பிறக்கும் வேர் அந்த ஈரத்துக்குப் பழகியே வரும். அதனால் காலண்டரைப் பார்ப்பதைவிட வேரைப் பார்த்து மாற்றுவது உசிதம். தண்டின் அடியில் பச்சையாகவோ ஊதாவாகவோ புது நுனி எட்டிப் பார்க்கும் வாரமே ஏற்ற நேரம். பூத்துக்கொண்டிருக்கும் செடியையும், வேரெல்லாம் அழுகிக் குற்றுயிராக இருக்கும் செடியையும் ‘லெக்காவில் போட்டால் பிழைக்கும்’ என்று மாற்றுவது சூதாட்டம்.

தைவானில் வளர்ந்து வரும் ஃபலனாப்சிஸ் பெரும்பாலும் ஸ்பாக்னம் பாசியில் இறுக்கி வரும். வெளிப்புறம் காய்ந்தாலும் நடுவிலுள்ள பாசிக் கட்டி வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். அதை மிச்சமில்லாமல் பிரித்தெடுக்க வேண்டும். சிறிது ஒட்டிக்கொண்டிருந்தாலும் லெக்காவின் நடுவே அது நிரந்தரச் சேறாகிவிடும். வேரை விரலால் அழுத்திப் பார்த்தால் நல்லது கெட்டியாக நிற்கும். செத்த வேரைப் பிடித்து இழுத்தால் உறை கழன்று, உள்ளே ஒரு மெல்லிய நார் மட்டும் மிஞ்சும். அதை வெட்டிவிடலாம்.

வீட்டுச் செடிகளில் மணி பிளான்ட், பிலோடெண்ட்ரான், மான்ஸ்டெரா, ஆந்தூரியம், அக்லோனீமா முதலியவை எளிதாக மாறும். சேம்புக் குடும்பத்து அலோகேசியா, மண்ணில் அடிக்கடி அழுகும் பிள்ளை. லெக்காவில் தெம்பாக வளர்வதால் அதன் கிழங்குகளையே பலர் ஈர லெக்காவில் முளைக்க விடுகிறார்கள். பாம்புக் கற்றாழையும் வளரும், அவசரப்படாது. நுண்ணிய வேர்வலை கொண்ட பெரணிகளுக்கு மண்ணைக் கழுவும்போதே பாதி வேர் போய்விடும். அவற்றைப் பெயர்க்காமல் விடுவது மேல். வாண்டா ஆர்க்கிட்டுக்கு எந்த ஊடகமும் அவசியமில்லை. கூடையில் தொங்கினாலே போதும்.

லெக்காவைப் பொரிக்க 1,100 டிகிரிக்கு எரியும் சூளை எரிபொருளை நிறையவே விழுங்குகிறது. ஒரே ஒரு முறை பயன்படுத்தி எறிந்தால் அந்தச் செலவு பணத்துக்கும் சூழலுக்கும் கட்டுப்படியாகாது. கடற்கரை ஊரில் வாசலில் ஆர்க்கிட் வளர்ப்பவருக்கு, வீடு இடித்த இடத்தில் கிடைக்கும் பழைய ஓட்டுச் சில்லும் கரியும் அதே வேலையைச் செய்துகொடுக்கும். ஏசி அறையிலும் அடுக்குமாடி ஜன்னலிலும் நீர்த் தேக்கத்தோடு வளர்க்க நினைப்பவருக்கே லெக்காவின் முழுப் பயன் கிட்டும். அதையும் பல ஆண்டுகள் ஓட்டலாம். செடியை எடுத்த பின் வேர்த்துணுக்குகளைப் பொறுக்கி, உப்புப் படிவம் கரையும்வரை நீர் மாற்றி ஊறவைத்து, அழுகிய செடி இருந்த தொட்டியின் உருண்டைகளைப் பழைய பாத்திரமொன்றில் கொதிக்கவைத்து, வெயிலில் உலர்த்தி, அளவு வாரியாகச் சலித்து மூட்டை கட்டினால் அடுத்த செடிக்குத் தயார்.